பால் வாளியும் லண்டன் சந்தையும்
(நம் உழைப்பு உலக வாணிபத்தோடு பிணைந்த கதை)



சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், மாணவி ஒருத்தியின் பாட்டி என் அருகில் வந்து நின்றார். நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய கை அவருடையது. "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. ஒன்னு கேக்கறேன். மழையில நனைஞ்சி நாங்கதான் மரம் வெட்டுனோம். பால் எங்க வாளியில இருந்திச்சி. ஆனா அதுக்கு என்ன வெலன்னு எங்கேயோ இருக்கிறவன் சொல்றான். அது ஏன்?" என்றார்.

அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்த சரித்திரத்தில் அரசர்கள் இருந்தார்கள், ஒப்பந்தங்கள் இருந்தன. பால் வாளி இல்லை. அதன் பிறகு கிடைத்த நூல்களைப் படித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டிக்கு நான் சொல்ல வேண்டிய பதிலே இந்தக் கட்டுரை.

பத்துமலையில் தொடங்குவோம்

தைப்பூசத்திற்கு நாம் காவடி எடுத்துச் செல்லும் பத்துமலையில் முருகன் கோயிலை 1891-ஆம் ஆண்டில் நிறுவியவர் கா. தம்புசாமிப் பிள்ளை என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் ஒரு முதலீட்டாளர் என்பது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் பிறந்த அவர், சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் வேலை பார்த்தார். பின்னர் சீனச் செல்வந்தர் லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈய லம்பம் நடத்தினார். 1894-இல் அவர்கள் அந்த லம்பத்தில் மின்சார இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்நாட்டில் மின்சாரத்தின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த ஈயம் யாருக்காக? நமக்காக அல்ல. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மீனும் இறைச்சியும் பாலும் தகர டின்களில் அடைக்கப்படும் காலம் அது. அந்தத் தகரத்திற்கு ஈயப்பூச்சு வேண்டும். ஆகவே கோலாலம்பூரில் மண்ணைத் தோண்டினார்கள். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இரயில் பாதை போட்டார்கள். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பது அதைத்தான்.

ஆக, நம் ஊரின் தண்டவாளத்தையும் துறைமுகத்தையும் போட்டது வெளிநாட்டுத் தேவை. சிறிய நாடு ஒன்று உலகச் சந்தைக்குக் கதவைத் திறந்து வைத்தால் நன்மையும் அவ்வழியே வரும், துன்பமும் அவ்வழியே வரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

காப்பி போய் ரப்பர் வந்தது

சிலாங்கூரில் வெள்ளைக்காரத் துரைமார்கள் முதலில் நட்டது ரப்பர் அல்ல, காப்பி. 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் நாடு அளவுக்கு மீறிக் காப்பியை விளைவித்து உலகச் சந்தையில் கொட்டியது. விலை விழுந்தது. இங்கே பூச்சியும் செடியைத் தின்றது. எங்கோ பிரேசிலில் விளைந்த காப்பி, காஜாங்கிலும் கிள்ளானிலும் இருந்த தோட்டக்காரனைக் கவிழ்த்துவிட்டது!

அதே பிரேசிலிலிருந்துதான் 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோயிருந்தார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். "ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தார்கள். காப்பி விழுந்ததும் அந்தக் கேலி நின்றது. மோட்டார் வண்டி பெருகியது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது.

நிலம் இங்கே இருந்தது. பணம் லண்டனிலிருந்து வந்தது. ஆள்? ஆள் நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். கங்காணி ஊருக்குப் போய் உறவையும் அண்டை அயலையும் அழைத்து வந்தார். 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பட்டு, கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. அந்த நிதிக்குப் பணம் கட்டியவர்கள் ஆள் வைத்து வேலை வாங்கிய முதலாளிகள். ஆக மரம் பிரேசிலுடையது, பணம் இங்கிலாந்துடையது, உழைப்பு தமிழனுடையது, வாங்குபவன் அமெரிக்கன். இத்தனையும் வந்து கூடிய இடம் நம் பெரட்டுக் களம்!

ஏற்றமும் இறக்கமும்

1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 சில்லிங்குக்கு மேல் விற்றது. சில கம்பெனிகள் ஒரே ஆண்டில், பங்குக்காரர் போட்ட முதலுக்கும் அதிகமாக லாபப் பங்கு கொடுத்தன. லண்டனில் இருந்த பங்குக்காரர் பலர் பால்மரத்தைக் கண்ணால் கண்டதே கிடையாது.

லாபத்தைக் கண்டு எல்லோரும் நட்டார்கள். நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டு பிடிக்கும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவன், ஏழாண்டு கழித்து என்ன விலை இருக்கும் என்பதை அறியமாட்டான். எல்லா மரமும் ஒன்றாகப் பால் தர ஆரம்பித்ததும் விலை சரிந்தது.

1922-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்து விலையை ஏற்ற வேண்டும் என்பது திட்டம். விலை ஏறியதும் உண்மை. ஆனால் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த இந்தோனேசியா அதில் சேரவில்லை. நாம் குறைத்ததை அவர்கள் கூட்டினார்கள். விலையேற்றத்தால் கோபமுற்ற அமெரிக்கரும் சும்மா இருக்கவில்லை. ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1926-இல் லைபீரியாவில் தோட்டம் போட்டது. ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள்ளேயே ரப்பர் நடப் புறப்பட்டார். 1928-இல் ஸ்டீவன்சன் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்தவீட்டுக்காரன் கடையைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் மட்டும் கடையைச் சாத்தினால் வாடிக்கையாளர் அவனிடம் போவார். இது அன்றும் பாடம், இன்றும் பாடம்.

அடுத்த ஆண்டு, 1929-இல், அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. மோட்டார் வாங்க ஆளில்லை. 1932-இல் ரப்பர் ராத்தல் சுமார் 2 பென்ஸுக்கு இறங்கியது. ஒரு சில்லிங்குக்கு 12 பென்ஸ். மாணவர்களே, 12 சில்லிங் என்றால் எத்தனை பென்ஸ்? 144. நூற்று நாற்பத்து நான்கு எங்கே, இரண்டு எங்கே! 72-இல் ஒரு பங்கு.

இந்த நட்டத்தைச் சுமந்தவர் யார்? சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த கூலி, 1930-இல் 40, 32 என்று வெட்டப்பட்டது. பிறகு ஆண் கூலி 30 காசுக்கும் கீழே போனது. அப்போதும் ஆள் மிகுதி என்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரைச் சில ஆண்டுகளுக்குள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வேண்டியபோது வரவழைத்தார்கள், வேண்டாதபோது அனுப்பினார்கள். விலை ஏறியபோது வந்த லாபம் லண்டனுக்குப் போயிற்று. விலை இறங்கியபோது வந்த நட்டம் லயத்துக்கு வந்தது. பாட்டியின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதுதான்.

கிள்ளானில் எழுந்த குரல்

1934-இல் டச்சுக்காரரும் பிற நாடுகளும் சேர்ந்த புதிய உடன்படிக்கை ஏற்பட்டு விலை தேறியது. உலகப் போர் தொடங்கியதும் ரப்பருக்குக் கிராக்கி இன்னும் கூடியது. ஆனால் கூலி அதற்கு ஏற்றபடி கூடவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவர்.

அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. துரைக்கும் கிராணிக்கும் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். கள்ளுக் கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கேட்டார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையாகத்தான் இருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் போனது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்று நாம் பரிசு வாங்கும் இந்த மேடைக்குப் பின்னால் அந்த உயிர்களும் இருக்கின்றன என்றால் அது மிகையாகாது.

கப்பல் நின்ற காலம்

"வெளிநாட்டு வியாபாரமே வேண்டாம், கதவைச் சாத்திவிட்டால் நிம்மதி" என்று சிலர் நினைக்கலாம். கதவு சாத்தப்பட்ட காலம் ஒன்றும் நம் சரித்திரத்தில் உண்டு. ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை மேல்நாட்டுக் கப்பல் வரவில்லை. ரப்பரை வாங்க ஆள் இல்லை. ரப்பரை விற்றுத்தான் பர்மாவிலும் சயாமிலும் விளைந்த அரிசியை வாங்கிக்கொண்டிருந்தோம். ரப்பர் போகவில்லை, அரிசியும் வரவில்லை. மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். வேலையற்ற தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போனவரில் ஏராளமானோர் திரும்பவில்லை.

மலாயா ரப்பர் கிடைக்காமற்போன அமெரிக்காவோ, செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிக்கொண்டது. போர் முடிந்து நம் கதவு திறந்தபோது, சந்தையில் ஒரு புதுப் போட்டியாளன் உட்கார்ந்திருந்தான்.

1950-இல் கொரியாவில் போர் மூண்டதும் விலை மீண்டும் பறந்தது. ராத்தல் 2 வெள்ளியைத் தாண்டியது. பின்பு இறங்கியது. என் சொந்தப் பாட்டி சொல்வார்: "கொரியா சண்டையப்ப எங்கப்பா கையில காசு ஓடிச்சி. சண்டை நின்னுச்சி, காசும் நின்னு போச்சி." பொருளாதாரப் பேராசிரியர் பத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

தோட்டம் கைமாறிய கதை

சுதந்திரம் நெருங்கிய நாட்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, குடியிருந்த லயமும் இல்லை. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, "நாமே வாங்குவோம்" என்றார். தொழிலாளர்கள் சிறு சிறு தவணையாகப் பணம் கட்டினார்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கூலிக்காரன் முதலீட்டாளன் ஆகலாம் என்பதை அது காட்டியது.

நாடும் அதே வழியில் சென்றது. 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி கம்பெனி, பெரும் தோட்டங்களின் சொந்தக்காரன். 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் அதன் பங்குகளை வாங்கிக் கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. "விடியற்காலை முற்றுகை" என்று அதைச் சொல்கிறார்கள். துப்பாக்கி இல்லை, சத்தம் இல்லை. அவர்கள் சந்தையில், அவர்கள் சட்டப்படியே நடந்த காரியம் அது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தோட்டத்தின் சொந்தக்காரர் மாறினார். லயத்தில் இருந்தவனின் நிலை அந்த வேகத்தில் மாறவில்லை. மரமும் மாறியது. 1917-இல் சிலாங்கூரில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் முதல் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அதன் பெயர் என்ன தெரியுமா? 'தென்னமரம்' தோட்டம்! நம் மொழிப் பெயரோடு பிறந்த செம்பனை, 1960-களுக்குப் பிறகு பால்மரக் காட்டின் இடத்தைப் பிடித்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. கோலாலம்பூரை அடுத்திருந்த தோட்டங்களோ வீடமைப்புப் பகுதிகளாயின. சீஃபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கு ஒரு முழத் துண்டும் சொந்தமில்லை.

தொழிற்சாலைச் சங்கு

ஈயத்தையும் ரப்பரையும் மட்டும் நம்பிய நாடு ஒற்றைக் கால் பந்தல் போன்றது என்று அரசாங்கம் உணர்ந்தது. 1958-இல் முன்னோடித் தொழில் சட்டம், 1968-இல் முதலீட்டு ஊக்கச் சட்டம், 1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் என்று வரிசையாக வந்தன. வெளிநாட்டுக் கம்பெனி இங்கே தொழிற்சாலை கட்டினால் சில ஆண்டுகளுக்கு வருமான வரி இல்லை. வெளியிலிருந்து வரும் பாகங்களுக்கும் சுங்க வரி இல்லை. செய்த பொருளை ஏற்றுமதி செய்ய வேண்டும். 1970-களில் சுங்கை வேயிலும் பினாங்கிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1985-இல் ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு ஏறத் தொடங்கியதும், சொந்த நாட்டில் செலவு தாங்காமல் மேலும் பல ஜப்பானியக் கம்பெனிகள் இங்கு வந்தன. அதே 1985-இல் ஈயச் சந்தை உடைந்து லம்பங்கள் பல மூடப்பட்டன. ஒரு கால் ஒடிந்தபோது இன்னொரு கால் தாங்கியது.

தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போவதற்குப் பதிலாகக் கம்பெனி பஸ் ஏறினார்கள். என் அம்மாவும் ஏறினார். பெட்டாலிங் ஜெயா பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. பூதக்கண்ணாடியில் பார்த்து நுண்ணிய கம்பியை ஒட்டும் வேலை. மழை வந்தால் சம்பளம் போகும் என்ற பயம் இல்லை. என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அதை நான் மறக்கக் கூடாது.

2001-இல் அமெரிக்காவில் கணினி வாங்குவது குறைந்தது. ஒரு நாள் அம்மா வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பினார். கையில் ஒரு கடிதம். "ஆர்டர் இல்லையாம்மா" என்று மட்டும் சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "எங்க காலத்துல ரப்பர் வெல இல்லைன்னாங்க, இப்ப ஆர்டர் இல்லைங்கறாங்க. பேருதான் வேற" என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது.

கையுறையின் பாடம்

அண்மைக் கதையையும் பார்ப்போம். கிள்ளான், காப்பார், மேரு வட்டாரங்களில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள் பல உண்டு. உலகத்தில் மிக அதிகமாகக் கையுறை செய்யும் நாடுகளில் முதலிடம் வகித்தது மலேசியா. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் உலகுக்கே ரப்பர் கொடுத்த நாம், கையுறைக்கு வேண்டிய பாலில் பெரும் பகுதியைத் தாய்லாந்திலிருந்து வாங்குகிறோம்! இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பாலாக விற்பவனைவிடப் பாலைப் பொருளாக்கி விற்பவனுக்கு அதிகம் கிடைக்கும். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது கையுறை விலை வானத்தைத் தொட்டது. பல நாடுகளில் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். நோய் தணிந்ததும் விலை சரிந்தது. 1910-ஆம் ஆண்டுக் கதையேதான். மரத்துக்குப் பதில் இயந்திரம்.

நாம் என்ன செய்வது?

பாட்டியின் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்லலாம். நம் நாடு சிறியது. நம் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால், நாடு ஓராண்டில் உற்பத்தி செய்யும் மொத்த மதிப்பையும் மிஞ்சிவிடும். இப்படிப்பட்ட நாடு உலக விலையை ஆட்டுவிக்க முடியாது. உலக விலை நம்மை ஆட்டும். கதவைச் சாத்தினால் அரிசியும் வராது என்பதை ஜப்பான்காரன் காலம் காட்டியது. ஆகவே விலையை நம் கைக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த விலை நம்மைக் கவிழ்க்காதபடி செய்துகொள்ள முடியும்.

அதற்கு மூன்று வழிகளை நம் சரித்திரமே காட்டுகிறது. முதலாவது, ஒன்றாகச் சேர்ந்து கேட்பது. கிள்ளான் தொழிலாளர் கேட்டார்கள். பின்னர் 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்து, கூலியைப் பேசி முடிக்கும் நிலை வந்தது. இரண்டாவது, சிறிதளவாவது சொந்தக்காரர் ஆவது. கூட்டுறவுப் பங்கோ, வீட்டுப் பத்திரமோ, பிள்ளை பெயரில் ஒரு சேமிப்போ, ஏதாவது ஒன்று. சம்பளம் மட்டும் இருப்பவனை விலை விழும் நாள் வெறுங்கையோடு நிறுத்திவிடும். மூன்றாவது, கைத்தொழிலோடு அறிவைச் சேர்ப்பது. 1925-இல் கோலாலம்பூரில் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்ல ரகக் கன்றுகளைக் கண்டு, ஏக்கருக்குக் கிடைக்கும் பாலை இரு மடங்குக்கும் மேலாக்கியது. செயற்கை ரப்பரின் போட்டியைத் தாங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் அம்மா வேலை இழந்த அதே தொழிற்சாலையில், இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவர்களை அனுப்பவில்லை. கம்பி ஒட்டியவர்களைத்தான் அனுப்பினார்கள்.

பெற்றோர்களே! "மூணாம் பாரம் முடிச்சாச்சி, பையன் வேலைக்குப் போனா மாசம் ரெண்டு காசு வரும்" என்று நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அந்த லயத்தில் பிறந்தவள்தான் நானும். ஆனால் அந்த ரெண்டு காசு, எங்கோ ஒருவன் வாங்குவதை நிறுத்தினால் நின்றுவிடும் காசு. பிள்ளை கற்ற கணக்கையும் மொழியையும் தொழிலையும் எந்தச் சந்தையும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும், உங்கள் பாட்டியின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். வெட்டுக் கத்தி பிடித்த காய்ப்பு அங்கே இருக்கும். உலக வாணிபத்தின் சரித்திரத்தில் நம் பக்கம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க தமிழ்ப்பள்ளி!